இரண்டு நோயாளி போதும்

தெஹியோவிட்ட

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

போன கிழமை அம்மாவோடு போனில் பேசும்போது அழுதாயாம். மெடிசின் வார்டுப் பயிற்சிச் சோதனையில் புள்ளி குறைந்துவிட்டது, இனி இரவு பத்து மணி மட்டும் வார்டிலேயே நிற்கப்போகிறேன் என்று சொன்னாயாம். அப்படிச் செய்யாதே புள்ள.

காலை ஏழு மணிக்கு வார்டு, பகலெல்லாம் நின்ற கால், அவசர நோயாளிகளை எடுக்கும் கஷுவல்டி நாளென்றால் இரவும் அங்கேதான், அறைக்கு வந்தால் நடுச்சாமம் தாண்டிப் புத்தகம். நான்கு மணித்தியாலம்தான் தூங்குகிறாய் என்று அம்மா சொல்கிறாள். பகலில் கண்டதும் கேட்டதும் மனதில் பதிய தூக்கம் வேண்டும். அதை வெட்டிப் படித்தால் படித்தது எங்கே தங்கும்? 1997இல் அவுஸ்திரேலியாவில் டோசன், ரீட் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 வீதம் மது ஏறியவர்களைப் போலத் தடுமாறின. நீயும் ஏறக்குறைய அப்படியொரு நிலையில்தான் சோதனையில் நோயாளி முன்னால் போய் நின்றிருப்பாய்.

விடியக் காலையில் தோட்டத்தில் பேர் கொடுக்கப் பிரட்டுக்கு ஓடிய குடும்பம் நம்முடையது. சும்மா இருந்தால் பேர் போய்விடும் என்ற பயம் இரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. ஆனால் உன் அம்மா இத்தனை வருஷம் ரப்பர் பால் வெட்டினாளே, அவளிடமே கேள். நல்ல தோட்டத்தில் ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். பேராசைப்பட்டுத் தினமும் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும்.

தாதியாக வேலை செய்த காலத்தில் ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு இரவு தொடர்ந்து விழித்திருந்த ஹவுஸ் ஒபிசர் ஒருவர், கைக்குழந்தையின் பெட் ஹெட் டிக்கட்டில் மருந்தின் அளவை எழுதும்போது தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளிப் போட்டுவிட்டார். பத்து மடங்கு. ஊசியில் மருந்து இழுக்கப்போன நேரத்தில் அது கண்ணில் பட்டது. அவர் கெட்டிக்கார டாக்டர். அந்த நேரத்தில் அவரால் எண்ணைப் பார்க்கவே முடியவில்லை.

நியூயோர்க்கில் 1984இல் லிபி சையன் என்ற 18 வயதுப் பிள்ளை காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரே இரவில் செத்துப்போனது. பார்த்தவர்கள் நீண்ட டியூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர்கள். தகப்பன் பத்திரிகைக்காரர், விடாமல் போராடினார். 1989இல் அந்த மாநிலம் கிழமைக்கு 80 மணித்தியாலம் என்று வரம்பு போட்டது, 2003இல் அமெரிக்கா முழுக்க வந்தது. 80கூடக் கொடுமைதான் என்பது என் எண்ணம்.

நீ இன்னும் மாணவி. உன் நேரத்தில் கொஞ்சமாவது உன் கையில் இருக்கிறது. கஷுவல்டி நாளில் பத்துப் பேரை ஓடி ஓடிப் பார்க்காதே. இரண்டு பேரை முழுசாகப் பார். தோட்டத்து ஆட்கள் வந்தால் தமிழ் பேச உன்னைத்தானே கூப்பிடுகிறார்கள்? அதைச் சுமையாக நினைக்காதே. காய்ச்சலோடு வந்தவரிடம் வயலில் இறங்கினீர்களா, மாணிக்கக் குழியில் வேலையா, கெண்டைக்கால் வலிக்கிறதா, சிறுநீர் குறைந்ததா என்று நீயே கேட்டு, கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்தால், எலிக்காய்ச்சலைப் பத்துப் பக்கம் படித்ததைவிட நன்றாக நிற்கும். மொழிபெயர்த்து முடித்ததும் போய்விடாமல் அடுத்த நாளும் அதே கட்டிலுக்குப் போ. இரத்தச் சோதனை என்ன சொன்னது, மருந்தை ஏன் மாற்றினார்கள் என்று ரெஜிஸ்ட்ராரைக் கேள். அன்றைக்கே அரைப் பக்கம் எழுதிவிட்டுப் படு.

மெரிட் லிஸ்டில் பின்னுக்குப் போனால் தூரத்து ஆஸ்பத்திரிதான் கிடைக்கும் என்று பயப்படுகிறாய். பயம் நியாயமானது. அதற்காகத்தான் ஆறேழு மணித்தியாலம் தூங்கு என்கிறேன். தூக்கமே வராமல் மனம் தவித்தால் மறைக்காதே, பீடத்தில் நம்பிக்கையான விரிவுரையாளர் ஒருவரிடம் போய்ச் சொல், எனக்கும் சொல்.

இரவு பத்து மணிக்கு மேல் உனக்குப் போன் எடுக்க வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வருகிற போயாவுக்கு வீட்டுக்கு வா. புத்தகம் கொண்டுவராதே.

அன்புடன்,
மாமா