ரேம் தின்னும் நீட்சியைப் பிடிக்க எட்டு அறிவுரைகள்

உபுண்டு, ஃபெடோரா என்று லினக்ஸ் பக்கம் வந்து ஜினோம் டெஸ்க்டாப்பைப் பழகும் தம்பி தங்கைகள் முதலில் செய்வது நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்களை) நிறுவுவதுதான். மேல்பட்டையில் வானிலை, நெட் வேகம், சிபியூ சூடு என எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். “காலையில் பறந்த கணினி சாயங்காலம் திணறுகிறதே” என்ற புலம்பல் அடுத்து வரும். அப்படிப் புலம்புகிறவர்களுக்காகவே இது.

1. அளந்த பிறகு சந்தேகப்படுங்கள். ரேம் நிறைந்திருப்பதாலேயே நினைவகக் கசிவு (மெமரி லீக்) என்று முடிவு கட்டாதீர்கள். சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுக்கும். சிஸ்டம் மானிட்டரில், டெஸ்க்டாப்பை இயக்கும் நிரலான ஜினோம் ஷெல்லின் அளவை மட்டும் மணிக்கொரு தரம் குறித்து வையுங்கள். ஏறி இறங்குவது இயல்பு. ஏறுவதும் நிற்காமல், இறங்கவும் மறுத்தால்தான் கசிவு.

2. பட்டியலில் தெரியும் பெயரை வைத்துக் குற்றம் சாட்டாதீர்கள். நீட்சிகள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டவை. தனி நிரலாக ஓடாமல் ஷெல்லுக்குள்ளேயே ஓடுகின்றன. ஒரே மீட்டரில் பத்துக் குடித்தனம் இருந்தால் கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில்தானே வரும்? எந்த நீட்சி தின்றாலும் கணக்கு ஷெல்லின் பெயரில்தான் ஏறும்.

3. எல்லாவற்றையும் அணைத்து ஒரு நாள் ஓட்டுங்கள். நீட்சிகளுக்கான செயலியில் அனைத்தையும் நிறுத்த ஒரே சுவிட்ச் உண்டு. அணைத்ததும் லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். அணைத்த நீட்சியின் நிரல் அதுவரை நினைவகத்தைவிட்டுப் போகாது. அதன் பிறகும் அளவு ஏறினால் நீட்சிகள் நிரபராதிகள். 2018-இல் பெரிதாகப் பேசப்பட்ட ஜினோம் கசிவில், வேண்டாத பொருள்களைத் துப்புரவு செய்யும் முறையே தாமதமாக வேலை செய்தது. சிக்கல் ஜினோமின் ஜாவாஸ்கிரிப்ட் அடுக்கான ஜிஜேஎஸ் பக்கம் இருந்தது.

4. பாதி பாதியாகப் பிரியுங்கள். 16 நீட்சிகள் இருந்தால் எட்டை மட்டும் இயக்குங்கள். கசிந்தால் அந்த எட்டில் நாலு, இல்லையேல் மற்ற எட்டில் நாலு. நாலே சுற்றில் ஆள் அகப்படும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி வேலை, ஒரே அளவு நேரம் இருக்கட்டும். இடையில் எதையும் அப்டேட் செய்யாதீர்கள்.

5. திரையைப் பூட்டித் திறந்து பாருங்கள். பூட்டும்போது பெரும்பாலான நீட்சிகளை ஷெல் நிறுத்துகிறது, திறக்கும்போது மறுபடி இயக்குகிறது. நிறுத்தும்போது சரியாகத் துடைக்காத நீட்சி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிச்சம் வைக்கும். தொடர்ந்து இருபது முறை பூட்டித் திறந்து, முன்னும் பின்னும் அளந்தால், வாரக்கணக்கில் தெரிய வேண்டியது சில நிமிடங்களில் தெரியும். பூட்டிய திரையிலும் ஓடும் நீட்சிகள் மட்டும் இந்தச் சோதனையில் சிக்காது.

6. நிரலைத் திறந்து படியுங்கள், பயப்படாதீர்கள். ‘எனேபிள்’, ‘டிஸேபிள்’ என்ற இரண்டு ஃபங்ஷன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அங்கே இணைத்த சிக்னல் இங்கே துண்டிக்கப்பட்டதா? அங்கே தொடங்கிய டைமர் இங்கே நீக்கப்பட்டதா? நெட் வேகம் காட்டும் நீட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கொரு தரம் எண்ணை மாற்ற அது ஒரு டைமர் வைத்திருக்கும். டிஸேபிளில் அதை நீக்க மறந்தால், பத்து முறை பூட்டித் திறந்த பிறகு பழைய பத்து டைமர்களும் புதியதோடு சேர்ந்து ஓடும். திரையில் தெரிவது ஒரே எண். ஆனால் பழைய லேபிள்கள் ஒவ்வொன்றையும் அதனதன் டைமர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

7. சிஸ்டம் லாகைப் படியுங்கள். ஏற்கெனவே அழிக்கப்பட்ட பொருளை மறுபடி தொட்டதாக ஜினோம் ஷெல் எச்சரிக்கை எழுதும். அதன் கீழே வரும் வரிகளில் நீட்சியின் கோப்புப் பெயர் பெரும்பாலும் இருக்கும். அதுவே கசிவுக்குச் சாட்சி ஆகிவிடாது. ஆனால் துடைக்கும் வேலையில் கவனமில்லாத நீட்சி எது என்று காட்டிக்கொடுக்கும்.

8. புகாரை மரியாதையாக எழுதுங்கள். நீட்சி எழுதுபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் எழுதுபவர்கள். “மெமரி தின்கிறது” என்ற ஒற்றை வரியை வைத்து அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஜினோம் பதிப்பு, நீட்சியின் பதிப்பு, நீங்கள் குறித்த அளவுகள், கசிவை மறுபடி வரவழைக்கும் வழி ஆகிய நான்கும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இத்தனை பாடும் படுவதற்கு முன் உங்கள் நீட்சிப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு மாதமாக நீங்கள் ஏறெடுத்தும் பார்க்காதவை அதில் நிச்சயம் இருக்கும். அவற்றை இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.