சிறுநீரகக் கல்லுக்குப் பிறகு: இரத்தப் பரிசோதனை முடிவைப் புரிந்துகொள்ளுங்கள்

கிரியேட்டினின் என்பது தசைகளில் உண்டாகும் கழிவு. சிறுநீரகங்கள் சரியாக வடிகட்டாவிட்டால் இரத்தத்தில் அதன் அளவு கூடும். அந்த அளவு, உங்கள் வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு வடிகட்டும் திறன் (இஜிஎஃப்ஆர்) கணக்கிடப்படுகிறது.

கல் அடைத்திருந்தபோது இஜிஎஃப்ஆர் குறைந்திருந்தால் கலங்க வேண்டாம். அடைப்பு நீங்கியதும் உயரக்கூடும். 60க்குக் கீழ் 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால், அது நாட்பட்ட சிறுநீரக நோய். ஆகவே மறுபரிசோதனைக்குத் தவறாமல் செல்லுங்கள்.

முடிவு இயல்பாக இருந்தாலும் ஒரு சிறுநீரகம் இன்னும் அடைபட்டிருக்கலாம். மற்றொன்று அதன் வேலையையும் சேர்த்துச் செய்வதால் இரத்தத்தில் மாற்றம் தெரியாது. ஸ்கேனில்தான் அது தெரியும். வலி நின்றுவிட்டதே என்று ஸ்கேனுக்குச் செல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

விலா வலியுடன் காய்ச்சலோ குளிர்நடுக்கமோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.