மேல்படிப்புக்கு ஆங்கிலம்: வீட்டிலேயே ஒரு பயிற்சி

நம் பிள்ளைகள் ஆங்கில வழியில் படித்தவர்கள், சரளமாகப் பேசுகிறார்கள். ஆயினும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதல் கட்டுரை எழுதும்போது சிலர் தடுமாறுவதுண்டு. குறை இலக்கணத்தில் அன்று, எழுதும் முறையில்.

1989-இல் தொடங்கிய ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 60 நிமிடம். முதல் வினாவுக்குக் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவதற்கு 250. நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. பல்கலைக்கழகக் கட்டுரையோ பல நூல்களைப் படித்து எழுத வேண்டியது.

இங்கே பாடநூல் வரியை மனப்பாடமாக எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அங்கே பிறர் வரியை, அவர் பெயரைச் சொல்லாமல் எழுதினால் அது எழுத்துத் திருட்டு. மதிப்பெண் போகும், சில வேளை படிப்பே போகும். ஓரிரு சொற்களை மாற்றிவிட்டால் தப்பிவிடலாம் என எண்ண வேண்டாம்.

இதற்கு நம் தாய்மொழியே கைகொடுக்கும்:

1. ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை இருமுறை படித்து, இதழை மூடிவிடுங்கள்.

2. அதன் சாரத்தை அம்மாவிடமோ அப்பாவிடமோ தமிழில் சொல்லுங்கள். புரியாத இடம் அப்போதே தெரிந்துவிடும்.

3. சொன்னதை ஆங்கிலத்தில் ஐந்து வரிகளில் எழுதுங்கள். மூலத்தின் சொற்றொடர்கள் தாமே விலகிவிடும்.

4. மூலத்துடன் ஒப்பிட்டுப் பொருள் மாறியிருந்தால் திருத்துங்கள். இதழின் பெயரையும் தேதியையும் குறியுங்கள். சொற்கள் உங்களுடையவை ஆனாலும் கருத்து அவர்களுடையதே.

5. அக்கருத்தை ஏற்கிறீர்களா, ஏன் என்று இரண்டு வரி சேருங்கள்.

பெற்றோர்களே, வாரம் இருமுறை அரைமணி நேரம் காதுகொடுத்துக் கேளுங்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் வளரும். வீட்டில் தமிழும் நிற்கும்.