மாத்தூர், மணலி தொழில்களுக்கு: கிளவுடா, எட்ஜா, இரண்டுமா?

வடசென்னையின் மணலி, மாத்தூர், எண்ணூர் வட்டாரத்தில் கன்டெய்னர் யார்டு, கிடங்கு, பட்டறை நடத்துபவர்கள் பலருக்கு ஒரு குழப்பம்: கணினி வேலைகளை முழுக்கக் கிளவுடுக்குக் கொண்டுபோய்விடலாமா, வளாகத்திலேயே வைத்துக்கொள்வதா? மொத்தமாக ஒரே பதில் கிடையாது. வேலை வேலையாகப் பிரித்து ஒரு கேள்வி கேளுங்கள்: இணைய லைன் ஒரு மணி நேரம் போனால், இந்த வேலை காத்திருக்குமா?

மூன்று வழிகள்

கிளவுட்: பெரிய நிறுவனத்தின் தரவு மையக் கணினிகளை இணையம் வழியே வாடகைக்குப் பயன்படுத்துவது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, சென்னை, மும்பையிலும், அமேசான் 2016-இல் மும்பையிலும் இதற்கான தரவு மையங்களைத் தொடங்கின. முதலீடு குறைவு, மாதக் கட்டணம் உண்டு. இயந்திரங்களின் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு.

கோலொகேஷன்: அம்பத்தூர், சிறுசேரி போன்ற இடங்களில் உள்ள தரவு மையத்தில் இடம் வாடகைக்கு எடுத்து, சொந்த சர்வரை வைப்பது. மின்சாரமும் குளிரூட்டலும் மையத்தாரின் கவலை. ஆனால் உங்கள் லைன் போனால் அதுவும் எட்டாது.

எட்ஜ்: கேட், எடை மேடை, மோட்டார் பக்கத்திலேயே சிறு கணினி. தரவை அங்கேயே அலசி, தேவையானதை மட்டும் மேலே அனுப்பும்.

கேட்டில் என்ன நடக்கிறது?

டிரெய்லர் எடை மேடையில் ஏறுகிறது. கேமரா கன்டெய்னர் எண்ணைப் படிக்கிறது: 4 எழுத்து, 7 இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முந்தைய பத்தையும் வைத்துக் கணக்கிட்டுப் பெறுவது. கேமரா 8-ஐ 3 என்று படித்தால் கணக்கு பெரும்பாலும் இடிக்கும். எட்ஜ் கணினி அங்கேயே மறுபடி படிக்கும். எடை மேடையின் இண்டிகேட்டரிலிருந்து கேபிள் வழியே வரும் எடையைச் சேர்த்துச் சீட்டு அச்சிடும். லைன் இல்லாவிட்டாலும் வேலை ஓடும். லைன் வந்ததும் நிலுவைப் பதிவுகள் கிளவுடுக்குப் போகும். இதே மென்பொருள் கிளவுடில் மட்டும் இருந்தால், லைன் வரும்வரை வண்டிகள் ரோட்டில் வரிசைகட்டி நிற்கும்.

இது கற்பனைப் பயமில்லை. 2016 டிசம்பர் 12-இல் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம்: இரண்டு புயலிலும் இந்தப் பக்கம் மின்சாரமும் தொடர்பும் அறுந்தன.

கேமராக் கணக்கு

ஒரு சிசிடிவி கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால், ஒரு நாளில் சுமார் 43 ஜிபி. 16 கேமராவுக்கு 690 ஜிபி. அப்லோடு 64 எம்பிபிஎஸ் இடைவிடாமல் வேண்டும். எல்லாவற்றையும் மேலே ஏற்றுவது வீண்செலவு. வளாகத்திலேயே பதிவு செய்து, சந்தேகத்துக்குரிய துண்டுகளை மட்டும் அனுப்புங்கள். மோட்டார் அதிர்வைக் கண்காணிக்கும் சென்சார்களுக்கும் இதுவே வழி.

எட்ஜ் உதவாத இடங்கள்

இ-வே பில்லும் சுங்க ஆவணங்களும் அரசின் அமைப்பில்தான் பதிவாக வேண்டும். எந்த எட்ஜ் பெட்டியும் அதற்கு மாற்றில்லை. அதற்கு இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் லைனும், அவசரத்துக்கு ஒரு சிம் இணைப்பும் போடுங்கள். கணக்கு, சம்பளம், பல கிளைகளின் இருப்பு ஆகியவை கிளவுடில் இருப்பதே நல்லது. அழுத்தம் மீறினால் பாய்லரை நிறுத்தும் வேலையைக் கிளவுடுக்கும் கொடுக்காதீர்கள், எட்ஜுக்கும் கொடுக்காதீர்கள். அது அதற்கென உள்ள பாதுகாப்புக் கருவியிலேயே இருக்கட்டும். மனித உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

வாங்கும் முன்

எண்ணூர்க் கடலின் உப்புக்காற்று, லாரித் தூசு, ஆலைப் புகை மூன்றும் சாதாரணக் கணினியை அரித்துவிடும். விசிறி இல்லாத, மூடிய, தொழிற்சாலைத் தரக் கணினியாக வாங்குங்கள். 2023 மிக்ஜாம் வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். யுபிஎஸ்ஸும், அதே அமைப்பில் ஒரு மாற்றுப் பெட்டியும் இருக்கட்டும்.

மேற்பார்வைக்கு ஆள் யார் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு, கடவுச்சொல், பூட்டு எல்லாம் இனி உங்கள் வேலை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதில் பட்டியலிட்ட சைபர் தாக்குதல் நடந்தால், அது தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்டில் இருக்கும் பெட்டியும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

முடிவாக

ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் அலுவலகம் மட்டும் இருந்தால் கிளவுடே போதும். எட்ஜுக்குச் செலவு செய்யாதீர்கள். சொந்த சர்வரில் ஏற்கெனவே பணம் போட்டிருந்தால் கோலொகேஷனை யோசிக்கலாம். கேட், எடை மேடை, நிறையக் கேமரா, ஓயாமல் ஓடும் மோட்டார் இருந்தால் எட்ஜும் கிளவுடும் சேர்ந்த ஏற்பாடுதான் சரி. ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். முதலில் கேட்டில் மட்டும் வையுங்கள். பிறகு வேலை நடக்கும் நேரத்தில் நீங்களே லைனைப் பிடுங்கிப் பாருங்கள். வண்டிகள் நிற்காமல் போனால் அடுத்த இடத்துக்குப் போகலாம்.