காசநோய் மருந்தும் பி-6 வைட்டமினும்

காசநோய்க்கு மருந்து உண்போருள் சிலர், சில மாதங்கள் கழிந்தபின் உள்ளங்கால் எரிகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது என்று கூறுவதுண்டு. மருந்தின் சூடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என அண்டை வீட்டார் முடிவு கட்டுவர்; நோயாளியும் மாத்திரையை நிறுத்திவிடுவார். இருமல் தணிந்திருப்பதால் தீங்கு உடனே தெரியாது. ஆனால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகி, மருந்துக்கு அடங்காதனவாகவும் மாறக்கூடும். எரிச்சலின் காரணத்தைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிந்திருப்பின் இக்கேட்டினைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

1952-ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள ஐசோநியாசிட் என்னும் மருந்து காசக்கிருமியை ஒழிப்பதில் வல்லது. ஆயினும் அது உடலிலுள்ள பி-6 வைட்டமினோடு இணைந்து, அதனைச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகிறது. நரம்புகள் செவ்வனே இயங்க இவ்வைட்டமின் இன்றியமையாதது. மண்ணில் மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகம் பயிருக்கு எட்டாமற்போவதை விவசாயிகள் அறிவர். ஏறத்தாழ அதுபோன்றதே இதுவும். உடல் மெலிந்தோர், மது அருந்துவோர், நீரிழிவு உள்ளோர், கருவுற்ற தாய்மார், பாலூட்டுவோர் ஆகியோரையே இக்குறை முதலில் தாக்கும்.

முழுத் தானியம், நிலக்கடலை, கொண்டைக்கடலை, வாழைப்பழம், மீன் ஆகியவற்றில் பி-6 உண்டு. நன்றாகத் தீட்டிய அரிசியில் குறைவு. எனினும், இத்தகைய நோயாளிகளுக்கு உணவு மட்டும் போதாது. பைரிடாக்சின் என்னும் பி-6 மாத்திரையை, பெரும்பாலும் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் அளவில், மருத்துவர் சேர்த்துக் கொடுப்பார். கடையில் தாமே வாங்கி மிகுதியாக உண்ணலாகாது. அளவு மீறி நெடுநாள் உண்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். விந்தையாயினும் உண்மை.

கடலோர ஊரார்க்கு ஒரு சொல்: ஐசோநியாசிட் உண்ணும் காலத்தில் சூரை மீன் உண்டால் சிலருக்கு முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு ஆகியன நேரும். அம்மீனைத் தவிர்ப்பது நன்று.

நிற்க. நல்லுணவு கிட்டும்வரை மருந்தைத் தள்ளிவைக்க வேண்டுவதில்லை. சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சியில், எளிய உணவுடன் வீட்டிலிருந்தே மருந்துண்டோரும், நல்லுணவுடன் மருத்துவ விடுதியில் தங்கியோரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். அதன் முடிவு 1959-இல் வெளியாயிற்று.

ஆயினும் இழந்த எடையை மீட்க உணவு வேண்டுமன்றோ? இதற்கென அரசு வழங்கும் மாத உதவி 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தம் வார்டில் சிகிச்சை பெறுவோரின் வங்கிக் கணக்கில் அது சேர்ந்ததா என உறுப்பினர்கள் விசாரிக்கலாம். அவ்வமயம் கால் எரிச்சல் உண்டா என்றும் கேட்டு, உண்டெனில் மாத்திரையை நிறுத்தவிடாது, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவாராக.