முழங்கால் மண்ணில் படட்டும்

போன மாதம் கிளைக் கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, படிவம் நான்கு படிக்கும் ஒரு தம்பி என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தான். அதில் ஒரு தாவும் சிலந்தியின் படம். எட்டுக் கண்களில் முன்னால் உள்ள இரண்டு மட்டும் கார் விளக்கு மாதிரி பெரிதாக நம்மையே பார்க்கும். "அண்ணே, இது எந்தக் காட்டுல எடுத்தது?" என்றான். "எங்க வீட்டு கேட்டுல" என்றேன். நம்பவில்லை. "உங்க கேமரா எவ்ளோ?" என்று கேட்டான். நீ கையில் பிடித்திருக்கிற இந்தக் கைப்பேசியில்தான் எடுத்தேன் என்றதும் சுத்தமாக நம்பவில்லை. இந்த மாதப் பாடம் அவனுக்காகத்தான்.

முதலில் கருவி. மலிவான கைப்பேசிகளில் 'மேக்ரோ' என்று தனியாக ஒரு சின்ன கேமரா இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பெரும்பாலும் அது 2 மெகாபிக்சல்தான். அதைவிட முக்கிய கேமராவின் மேல் மாட்டும் கிளிப் லென்ஸ் எவ்வளவோ நல்லது. சில பத்து வெள்ளிக்குள் கிடைக்கும். மாட்டினால் பூச்சிக்குச் சில சென்டிமீட்டர் பக்கத்தில் போனால்தான் படம் தெளிவாக வரும், தூரத்தில் எல்லாம் மங்கல். அப்பாவோ மாமாவோ வாங்கிப்போட்ட பழைய எஸ்எல்ஆர் கேமரா வீட்டில் தூங்குகிறதா? அதன் 50 மில்லிமீட்டர் லென்ஸைத் திருப்பி மாட்ட ஒரு வளையம் விற்கிறார்கள். முன்பக்கம் பின்பக்கமாக மாட்டினால் அதே லென்ஸ் சிறியதைப் பெரியதாக்கும். இதற்கு மேல் ஆரம்பத்தில் ஒரு காசும் செலவழிக்க வேண்டாம்.

இந்தப் பாடத்தில் உண்மையிலேயே கஷ்டமான இடம் தெளிவு. எவ்வளவு நெருங்கிப் போகிறோமோ அவ்வளவுக்குத் தெளிவாக விழும் ஆழம் சுருங்கும். பூச்சி உண்மையில் எத்தனை பெரிதோ அத்தனை பெரிதாகவே சென்சாரில் விழும்படி எடுத்தால், எஃப் 8 துளையில் தெளிவாக இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ஒரே ஒரு மில்லிமீட்டர்! கண் தெளிவாக இருந்தால் இறக்கை மங்கும். துளையைச் சுருக்கினால் ஆழம் கொஞ்சம் கூடும், ஆனால் வெளிச்சம் குறையும். ரொம்பச் சுருக்கினால் படம் முழுவதுமே கூர்மை கெடும். அதனால் கண்ணைப் பிடியுங்கள். கண் தெளிவாக விழுந்தால் மற்றது மங்கினாலும் பார்க்கிறவர் மன்னித்துவிடுவார். கைப்பேசித் திரையில் கண்ணின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். பிறகு உங்கள் உடம்பை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துத் தெளிவைத் தேடுங்கள். மூச்சை விட்டு நிறுத்தி, தொடர்ச்சியாகப் பத்துப் படம். பத்தில் ஒன்று தேறினால் அன்றைக்கு நல்ல நாள்.

அடுத்தது நேரம். பூச்சிகளுக்கு நம்மைப் போல உடம்புச் சூடு சொந்தமாக நிற்காது. வெயில் ஏறினால்தான் அவற்றுக்குச் சுறுசுறுப்பு. விடியற்காலையில் தட்டான் புல் நுனியைப் பிடித்தபடி, இறக்கையெல்லாம் பனித்துளியோடு, அசையாமல் இருக்கும். நம் நாட்டில் ஏழேகால் வாக்கில்தான் வெளிச்சம் வருகிறது. எட்டரைக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் துரத்திக்கொண்டு ஓடுவதில் புண்ணியமில்லை, வியர்வைதான் மிச்சம்.

நான் கற்றுக்கொண்ட இடம் தைப்பிங் ஏரிப் பூங்கா. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைத் திருத்தி 1880-இல் உண்டாக்கிய பூங்கா அது. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் கிளைகளைத் தண்ணீர் மேல் சாய்த்து நிற்பதை எல்லாரும் படம் எடுப்பார்கள். நான் எடுத்தது அந்த மரங்களின் அடியில் உள்ள செடிகளை. ஒரு நாள் முசுறு எறும்புக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பார்களே, கடித்தால் கண்ணில் தண்ணீர் வருமே, அதுதான். தங்கள் புழுக்கள் விடும் பட்டு நூலை வைத்து அவை இலைகளைச் சேர்த்துத் தைக்கும். கூட்டுக்குப் பக்கத்து இலையில் ஒரு எறும்பு மட்டும் தனியாக, கொஞ்சம் தடுமாறி நடந்தது. படம் எடுத்து வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் எட்டுக் கால்! எறும்புக்கு ஆறுதானே? முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரி தூக்கி ஆட்டிக்கொண்டு எறும்பு வேஷம் போட்ட சிலந்தி அது. எத்தனை வருடமாக அந்த வழியில் நடந்திருக்கிறேன், ஒரு தடவை கூடக் கால்களை எண்ணிப் பார்த்ததில்லை.

ஆனால் நான் பெருமையாகச் சொல்ல முடியாத கதையும் உண்டு. ஆரம்பத்தில் பூச்சி ஓடக்கூடாது என்று சிலர் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு ஊசித்தட்டானைப் பிடித்து டப்பாவில் போட்டு வைத்தேன். போன் வந்தது, பேசினேன், மறந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது அதன் கால்கள் மடங்கியிருந்தன. அப்படியும் அதை ஒரு பூவின் மேல் வைத்துப் படம் எடுத்தேன், அதுதான் கொடுமை. படம் அருமையாக வந்தது, பார்த்தவர்கள் பாராட்டினார்கள். இரண்டு நாள் கழித்து அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் பிடிப்பதில்லை, ஊசியால் குத்துவதில்லை, கூட்டைப் பிரிப்பதில்லை. மறைக்கும் இலையைக் கூட ஒடிக்காமல் ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால்தான் எடுப்பேன்.

இதே விஷயத்தில் எங்க அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வழக்கு நடந்தது. வீட்டு வாசலில் மூன்று கறிவேப்பிலைச் செடி. அவற்றில் புழு வரும். அம்மா காலையில் செருப்போடு வந்து ஒவ்வொன்றாகத் தட்டி நசுக்கிவிடுவார். "சாம்பாருக்கு இலை வேணாமா? நீ போட்டோ புடிச்சிக்கிட்டே இரு." அவர் சொன்னதும் நியாயம்தான், அந்தப் புழுக்கள் இரண்டு நாளில் ஒரு கிளையை மொட்டையாக்கிவிடும். நான் சண்டை போடவில்லை. படம் எடுத்துக் காட்ட ஆரம்பித்தேன். இளம் இலையில் வெளிர்மஞ்சளாக ஒற்றை முட்டை. அதிலிருந்து வரும் சின்னப் புழு பார்க்கக் குருவி எச்சம் மாதிரியே இருக்கும். எந்தப் பறவை எச்சத்தைத் தின்னும்? வளர்ந்ததும் இலை நிறத்துக்கு மாறிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு நீட்டி ஒரு நெடி விடும். அந்தப் படத்தைப் பார்த்து அம்மா சிரித்துவிட்டார். "ஓரச் செடிய நீயே வச்சுக்கோ, மத்த ரெண்டுலயும் நான் தட்டுவேன்" என்று தீர்ப்பு வந்தது.

ஓரச் செடியில் ஒன்று கூட்டுப்புழுவானது. இடுப்பில் ஒரே ஒரு நூல் கட்டி, தண்டில் சாய்ந்து நின்றது. பத்து நாளுக்கு மேல் தினமும் பார்த்தேன். பட்டாம்பூச்சி வெளிவந்த அன்று நான் ஈப்போவில் வேலையாக இருந்தேன். அம்மாதான் பார்த்தார். கசங்கிய துணி மாதிரி வந்து, தொங்கி, மெல்ல மெல்ல இறக்கை விரிந்து காய்ந்ததாம். கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து தன் கைப்பேசியில் எடுத்திருக்கிறார். கை நடுங்கிப் படம் மங்கல், ஓரத்தில் அவர் விரல் வேறு. எங்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தப் படத்தைத்தான்.

பூச்சியில் பழகிய கை மனிதர்கள் பக்கம் திரும்பும்போதுதான் ரொம்பக் கவனம் வேண்டும். அன்றாடக் காட்சிகள் நம்மைச் சுற்றி நிறைய உண்டு. ஹாரன் அடித்து வரும் ரொட்டிக்காரர், மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றும் கை, பாசாரில் மழைக்கு விரியும் குடைகள் என்று எவ்வளவோ இருக்கின்றன. இதில் பெரிய ஆசான் பிரான்ஸ் நாட்டு ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸான். 1932-இல் பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு வேலியின் இடுக்கு வழியாக, தேங்கிய தண்ணீரைத் தாண்டும் ஒருவரை எடுத்தார். பாதம் தண்ணீரைத் தொடப்போகும் அந்தக் கணம் இன்றும் பேசப்படுகிறது. நாமும் ஓடித் துரத்தாமல், நல்ல வெளிச்சமுள்ள ஓர் இடத்தைப் பிடித்து நின்றால் காட்சி தானே வந்து சேரும். நடப்பவர்களுக்கு 1/250 வினாடி வேகம் போதும்.

நான் அப்படி நின்று எடுத்தது, ஒரு கோயில் வாசலில் பூக் கட்டும் அம்மாவை. சுருங்கிய விரல், வாழைநார், மல்லிகை, சாய்ந்த வெயில். அவருக்குத் தெரியாமல் தூரத்திலிருந்து எடுத்தேன். எங்கள் கிளையின் தீபாவளிக் கண்காட்சியில் பெரிதாக அச்சடித்து வைத்து, கீழே 'வறுமையின் விரல்கள்' என்று எழுதினேன். எனக்கே என் தமிழ் பிடித்திருந்தது. இரண்டாம் நாள் ஒருவர் வந்து படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "இத எடுத்தது யாரு?" என்று கேட்டார். சொன்னேன். "இது எங்கம்மா. இந்தப் பூவ வித்துத்தான் எங்க மூணு பேரையும் படிக்க வச்சாங்க. வறுமைன்னு உங்களுக்கு யார் சொன்னது தம்பி?" கோபமாகக் கூடக் கேட்கவில்லை. என்னிடம் பதில் இல்லை. படத்தைக் கழற்றினேன்.

மறுவாரம் அந்த அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. "ஒரு வார்த்த கேட்டிருந்தா தலைய வாரி, நல்ல சேல கட்டிட்டு உக்காந்திருப்பேனேப்பா" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை பச்சைச் சேலையில் உட்கார்ந்தார், எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், படமாகப் பார்த்தால் முதல் படம்தான் உயர்ந்தது. இரண்டாவதில் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறார். ஆனால் அச்சடித்துக் கொடுத்தபோது அவர் வாங்கிப் பார்த்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இப்போது முகம் தெரிய எடுத்தால் காட்டிவிட்டுக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழிக்கிறேன். குழந்தை என்றால் பெற்றோரைக் கேட்காமல் கேமராவையே தூக்குவதில்லை. தலைப்பு வைப்பதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கிறேன்.

வெளியே போகுமுன் நீளக் கைச் சட்டை போடுங்கள். ஏடிஸ் கொசுவும் காலையில்தான் சுறுசுறுப்பு. திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகராதீர்கள். நான் அப்படி நகர்ந்து லொங்காங்கில் விழுந்து ஒரு லென்ஸைப் பறிகொடுத்தவன்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு மூன்று படம் கொண்டுவாருங்கள். ஒன்று, உங்கள் வீட்டு வாசலிலிருந்து இருபது அடிக்குள் எடுத்த ஓர் உயிர், கண் தெளிவாக. அதே இடத்தில் அதே உயிரை மறுநாள் தேடி எடுத்தது ஒன்று. கிடைக்காவிட்டால் அது இருந்த இலையை மட்டும் எடுங்கள். மூன்றாவது, கேட்டு எடுத்த ஒரு மனிதரின் படம், அதன் பின்பக்கம் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தோடு. கைப்பேசியில் காட்டினால் போதாது, அச்சடித்து வாருங்கள். மூன்றாவது படத்தில் ஒரு பிரதி கூடுதலாகப் போடுங்கள், அது அந்த மனிதருக்கு.