தொடுதிரையின் பிணியறிதல்

உயிர்களை அறிவின் வகையால் ஆறாகப் பகுத்த தொல்காப்பியர், மரபியலில் ஓரறிவுயிர்க்கு உரியதாகக் கூறுவது தொட்டறியும் அறிவேயாம். இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கிடக்கும் திறன்பேசியின் திரை உயிரற்றதாயினும், அறிவின் வகையால் அதனையும் அவ்வினத்தின் அயலில் வைத்து எண்ணலாம். விரல் பட்ட இடத்தை அறிதல் ஒன்றே அதன் அறிவு. அவ்வோர் அறிவும் பிறழுமாயின், தொடாத இடம் தானே திறக்கும். தொட்ட இடம் வாளாவிருக்கும். "ழ" என்று தொட "ள" என்று விழும். இக்கடைசிப் பிழை தமிழாசிரியர்க்கு எத்துணை வருத்தந் தருமென்பதை விரிக்க வேண்டுவதில்லை.

பொறியியல் எமது துறையன்று. எனினும் இவ்விழா மலரில் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்றுண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொவிட் நோய் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, வகுப்பறை கைத்தொலைபேசிக்குள்ளே குடிபுகுந்தது. அடுத்த ஆண்டில், கொட்டாஞ்சேனையில் நாம் குடியிருந்த வீட்டு மாடிப்படியில் எமது தொலைபேசி வீழ்ந்தது. அன்றுதொட்டு அதன் திரை தன் மனம்போனவாறு இயங்கலாயிற்று. எமக்கு இலக்கணங் கற்பித்த முதிய ஆசிரியர் ஒருவரின் குரல், நாற்பது நிமிட அளவில், அதனுள்ளே பதிவாகியிருந்தது. திருத்தும் கடையொன்றில், "எல்லாவற்றையும் அழித்தாற்றான் சரிவரும்" என்றார்கள். நாமும் அறியாமையால் இசைந்தோம். அழித்த பின்னும் திரை திருந்தவில்லை. ஈற்றில் திரையை மாற்றிய பின்னரே திருந்தியது. அவ்வாசிரியர் இன்று இல்லை, அக்குரலும் இல்லை. கருவியின் இயல்பை ஓர் அரைமணி நேரம் கற்றிருப்பின் அவ்விழப்பு நேர்ந்திராது. அந்த அரைமணி நேரப் பாடத்தையே ஈண்டுத் தருகின்றோம்.

1. திரை அறியுமாறு

விரலின் மின்னியல்பைக் கொண்டு தொடுகையை அறியும் திரையைப் பற்றி, 1965ஆம் ஆண்டில், இங்கிலாந்திலே மால்வேண் என்னும் ஊரிலிருந்த அரச ராடார் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜோன்சன் என்பார் கட்டுரை வெளியிட்டார். வான்போக்குவரத்தைக் கண்காணிப்போர்க்கு உதவும் பொருட்டே அஃது எண்ணப்பட்டது. 2007ஆம் ஆண்டில் ஐபோன் விற்பனைக்கு வந்த பின்னர், அவ்வகைத் திரை உலகெங்கும் பரவியது.

திரையின் மேற்கண்ணாடிக்குக் கீழே, கண்ணுக்குப் புலப்படாத மின்கடத்தி இழைகள் நெடுக்கும் குறுக்குமாக, பாயின் ஓலைகள்போல் அமைந்துள்ளன. பல கருவிகளில் அவை இந்தியம், வெள்ளீயம் என்னும் உலோகங்களின் ஒட்சைட்டால் ஆனவை. இழைகள் சந்திக்கும் இடந்தோறும் சிறிதளவு மின்னேற்றம் தங்கும். நம் உடல் உப்பும் நீருங் கலந்ததாகலின் மின்னைக் கடத்தும். விரல் அணுகியவுடன் அவ்விடத்து மின்னிலை சிறிது மாறும். தொடுகைச் சில்லு என்னும் நுண்ணுறுப்பு ஒரு விநாடியிற் பலமுறை எல்லாச் சந்திகளையும் சோதித்து, எங்கே மாறியதென்று கணிக்கும். மரக்குச்சியால் தொட்டால் திரை அறியாமைக்கும், மழைத்துளி வீழ்ந்தால் விரலென மயங்குவதற்கும் காரணம் இதுவேயாம்.

திரையும் சில்லும் செய்வது இவ்வளவே. படங்களும் குரல்களும் தங்கும் நினைவகம் வேறிடத்தே, தாய்ப்பலகையிலே உள்ளது. ஆதலின் திரை உடைந்தமையால் நினைவகம் அழிவதில்லை. உடைந்த திரையை மாற்றுதற்கு நினைவகத்தை அழிக்கவும் வேண்டுவதில்லை. இப்பாடத்தின் உயிர்நாடி இதுவே.

2. பிணியின் வகை

குறைகள் நால்வகைப்படும். திரை முழுவதும் அறியாமை ஒன்று. நெடுக்கே அல்லது குறுக்கே ஒரு பட்டை மட்டும் அறியாமை மற்றொன்று. தொடாமலே தானே இயங்குதல் மூன்றாவது. தொட்ட இடம் விட்டுப் பிறிதோரிடம் தாவுதல் நான்காவது. இவற்றுள் எதுவென முதலில் துணிய வேண்டும்.

அதற்கொரு சோதனை உண்டு. முகப்பிலுள்ள ஒரு குறிப்படத்தை விரலால் அழுத்திப் பிடித்துத் திரையெங்கும் மெல்ல இழுத்துச் செல்க. ஒரே கோட்டில் மீண்டும் மீண்டும் அது நழுவுமாயின், அக்கோட்டிலுள்ள இழை அறுந்ததென்க. அன்ட்ரொயிட் தொலைபேசியாயின், அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' என்பதை ஏழுமுறை தட்டினால் மறைந்திருக்கும் பகுதியொன்று திறக்கும்; அதிலே, தொடுகை விழும் இடத்தைக் கோடாக வரைந்து காட்டும் வசதியுண்டு. விரல் படாதபோதும் கோடு விழுமாயின், திரை பொய்யுணர்வு கொள்கின்றது என அறியலாம்.

3. சோதிக்கும் முறை

செலவில்லாதவற்றை முதலிலும் செலவுள்ளவற்றை ஈற்றிலும் செய்தல் முறையாகும்.

முதலாவது: மின்னேற்றியைக் கழற்றுக. மலிவான மின்னேற்றிகள் சில, தூய்மையற்ற மின்னதிர்வைத் தொலைபேசிக்குள் விடுகின்றன. சில்லு அதனை விரலென மயங்குகின்றது. கழற்றியவுடன் குறை நீங்குமாயின், குற்றம் மின்னேற்றியுடையது, திரையுடையதன்று.

இரண்டாவது: உறையைக் கழற்றி, மென்துணியால் திரையைத் துடைத்து உலர்த்துக. வியர்வையும் எண்ணெயும் திரையை மயக்கும். மேலே ஒட்டிய காப்புக் கண்ணாடி கிளம்பியோ வெடித்தோ இருப்பின் அதனை நீக்குக. ஆயின் உட்கண்ணாடியே நொறுங்கியிருப்பின் நீக்கற்க. ஒளிபுகும் ஒட்டுநாடாவை மேலே ஒட்டுக. கண்ணாடித்துகள் விரலிற் புகாது காக்கும்.

மூன்றாவது: அணைத்து மீள இயக்குக. பின்னர்ப் 'பாதுகாப்பு நிலை'யில் இயக்கிப் பார்க்க. நாம் பின்னர்ச் சேர்த்த செயலிகள் அந்நிலையில் உறங்கும். அப்பொழுது குறை நீங்கின், செயலியொன்றே காரணம்.

நான்காவது: தொலைபேசியைப் பக்கவாட்டில் நோக்குக. பின்புறம் புடைத்தோ, திரை ஓரத்தில் கிளம்பியோ இருப்பின், பற்றரி வீங்கித் திரையைத் தள்ளுகின்றது எனக் கொள்க. உடனே அணைத்திடுக, அழுத்தவும் குத்தவும் மின்னேற்றவும் வேண்டாம். அது தீப்பற்றக்கூடியது.

ஐந்தாவது: நீர் பட்டதாயின் அணைத்துக் காற்றோட்டத்தில் உலரவிடுக. அரிசிப் பானையுள் புதைக்கும் வழக்கம் வேண்டாம். அரிசித்துகள் உட்புகுந்து கேடு செய்யுமென அப்பிள் நிறுவனமே 2024இல் அறிவுறுத்தியது. வெள்ளவத்தையிலே தண்டவாளத்தைக் கடந்தவுடன் கடல். கடல்நீர் பட்டதாயின் உலர்ந்தபின்னும் உப்பு எஞ்சி இணைப்புகளை அரிக்கும். ஆதலின் திருத்துவோரிடம் விரைந்து கொண்டுசெல்க.

இவ்வைந்தும் பயனற்ற பின்னரே திரையை மாற்றுதல் பற்றி எண்ணுதல் தகும். அப்பொழுதும் திரையே குற்றவாளியென உறுதி சொல்லல் இயலாது. ஐபோன் 6 பிளஸ் வகையில் பலவற்றின் தொடுகை கெட்டபொழுது, புதுத்திரை இட்டும் குறை தீரவில்லை. தாய்ப்பலகையிலுள்ள தொடுகைச் சில்லின் பற்றாசு விலகியமையே காரணமெனத் திருத்துநர் கண்டனர். பன்முறை கீழே வீழ்ந்தவற்றில் இது நேர்வதெனக் கூறி, அந்நிறுவனம் 2016 நவம்பரில் தனித் திருத்தத் திட்டம் ஒன்றை அறிவித்தது. மாறாக, ஐபோன் எக்ஸ் வகையிற் சிலவற்றில் திரையுறுப்பே பழுதுறக்கூடுமென 2018 நவம்பரில் ஒப்புக்கொண்டு, இலவசமாக மாற்றியளித்தது. ஒரே நோய்க்குறி; காரணமோ இரண்டு. பணம் செலவிடுமுன், தம் தொலைபேசி வகைக்கு உற்பத்தியாளர் இத்தகைய சலுகை அறிவித்தனரா எனக் கேட்டறிதல் நன்று.

4. உள்ளிருப்பதைக் காத்தல்

தானே இயங்கும் திரை கடவுச்சொல்லையும் தானே தவறாகத் தட்டும். தவறு பெருகப் பெருகக் கருவி நெடுநேரம் பூட்டிக்கொள்ளும். சிலர் அமைத்திருக்கும் ஏற்பாட்டின்படி, ஐபோன் பத்துத் தவறுகளின்பின் யாவற்றையும் அழித்தும் விடும். ஆதலின் இக்குறை கண்டவுடன் அணைத்து வைத்தல் அறிவுடைமை. வங்கிச் செயலி திறந்திருக்கையில் குறை தோன்றினும் அவ்வாறே செய்க.

திரையிற் படம் தெரிந்து, தொடுகை மட்டும் கெட்டிருப்பின், அன்ட்ரொயிட் தொலைபேசிகள் பலவற்றுக்கு எளிய வழியுண்டு. கணினிச் சுட்டியை ஒரு சிறு இணைப்பியின் வழியாகத் தொலைபேசியின் மின்னேற்றுந் துளையிற் செருகினால், திரையிலே அம்புக்குறி தோன்றும். அதனைக்கொண்டு பூட்டைத் திறந்து, படங்களையும் பதிவுகளையும் வேறிடத்திற் படியெடுத்துக்கொள்ளலாம். இச்சிறு செய்தியை அறியாமையாலேயே நாம் எம் ஆசிரியர் குரலை இழந்தோம்.

5. கடையில் நடக்குமாறு

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அணுகியது. அன்றுமுதல், புதிது வாங்குவதினும் உள்ளதைத் திருத்துதலே பல குடும்பங்களின் வழக்கமாயிற்று. புறக்கோட்டை முதலாங் குறுக்குத் தெருவிலும் காலி வீதியிலும் திருத்துவோர் பலர் உளர். கைத்திறன் மிக்காரும் அவருள் உளர். அவரிடம் மூன்று கேட்க: இடுவது எத்தரத்துத் திரை? உத்தரவாதம் எத்தனை நாள்? நினைவகத்தைத் தொடுவீர்களா? பணங் கொடுக்குமுன், மேற்சொன்ன இழுத்துப் பார்க்கும் சோதனையை அங்கேயே செய்க.

அண்மையில் வெள்ளவத்தையில் எம் அயலிலுள்ள ஓர் அம்மையார், தம் தொலைபேசி பேய்பிடித்ததுபோல் ஆடுகின்றதென வருந்தினார். பிள்ளைகள் கனடாவில்; பேரப்பிள்ளையின் முகங் காண்பது அத்திரையிலேதான். புதிது வாங்கக் காசு சேர்க்கலானார். எம் மாணவன் ஒருவன் சென்று மின்னேற்றியைக் கழற்றினான், ஆட்டம் நின்றது. வேறு மின்னேற்றி வாங்கியதொன்றே செலவு. "தம்பி, நீ டொக்டராய் வருவாய்" என்று அம்மையார் வாழ்த்தினாராம்.

அன்பர்களே, நம் கல்லூரியின் முதிய ஆசிரியர்களும் மூத்த பழைய மாணவர்களும் இன்னும் நம்மிடையே உளர். அவர்தம் குரல் உங்கள் தொலைபேசியில் இருப்பின், இம்மலரை மூடிவைத்தவுடன் அதனைப் பிறிதோரிடத்தும் படியெடுத்து வையுங்கள். உடைந்த கண்ணாடிக்கு மாற்றுண்டு, அக்குரல்களுக்கு மாற்றில்லை.